நிற்கச் சொன்ன இடம்

முகாம் நடந்த கூடத்துக்குள் காலை வைத்ததுமே துர்காதேவிக்குக் குழப்பம் ஆரம்பித்துவிட்டது. எங்கே உட்காருவது என்று யாரும் சொல்லவில்லை. பாய்களை வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்தில் வலது எது, இடது எது? மகள் சங்கரி ஓடிப்போய் ஒரு பாயில் உட்கார்ந்துகொண்டாள். துர்கா அவளுக்கு வலது கைப் பக்கமாக, அரை முழம் பின்தள்ளி உட்கார்ந்தாள். அப்புறம்தான் மூச்சு சீராக வந்தது.

ஆறு வயசில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அவள் அப்பா மாணிக்கவாசகம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்தவர். கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் நெய்யும்போதே கோர்த்துக்கொண்டு போக வேண்டும், அதனால் ஒரு ஆளால் ஆகாது. நடுவில் உட்கார்ந்து நெய்கிறவர் உடலையும் இடது கரையையும் பார்த்துக்கொள்வார். வலது பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, அவர் கால்மிதி மாற்றும் நேரம் பார்த்து, வலது கரை இழை ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். முந்தித் தள்ளினாலும் தப்பு, பிந்தித் தள்ளினாலும் தப்பு. மாணிக்கவாசகத்துக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்குக் கண் பார்வை மட்டு, கடைசி கைக்குழந்தை. நடு மகள் துர்கா தறிப் பலகையில் ஏறினாள். இருபது வயசில், திருப்புட்குழியில் வாழ்க்கைப்பட்ட அத்தை கொண்டுவந்த சம்பந்தத்தில் சின்ன காஞ்சிபுரத்துச் சிவபாலனைக் கட்டிக்கொண்டாள். மறுவீடு போய் வந்த மூன்றாம் நாளே அவனுக்கு வலது பக்கம் உட்கார்ந்துவிட்டாள். ஆள்தான் மாறினார், உட்காரும் இடம் அப்படியே இருந்தது. இப்போது அவளுக்கு முப்பத்திநாலு. நடுப்பலகையில் ஒரு தடவைகூட உட்கார்ந்தவளில்லை. உட்கார்ந்து பார்க்கலாமே என்று நினைத்தவளும் இல்லை.

முகாமுக்கும் அவளாக வரவில்லை. தெருப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன நூலகம் வைத்திருந்த சத்யப்ரியா, கோடை விடுமுறையில் பத்து நாள் முகாம் என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்திருந்தாள். ஓரிக்கை போகிற வழியில் பூட்டிக் கிடந்த ஒரு பட்டு நூல் கிடங்கைக் கேட்டு வாங்கி, கழுவி, வெள்ளையடித்து வைத்திருந்தாள். காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் பாட்டு, படம், விளையாட்டு. ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளை வந்தால் அம்மாவும் கூட வர வேண்டும், விட்டுவிட்டுப் போக முடியாது.

"அம்மா எதுக்காம்? பசங்களுக்குத்தானே கேம்ப்பு?" என்றான் சிவபாலன்.

"அப்படித்தான்பா போட்டிருக்குது. அம்மா வர்லன்னா என்னியும் சேத்துக்க மாட்டாங்களாம்," என்றாள் சங்கரி. ஒன்பது வயசு. மூன்று நாளாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"உங்கம்மா அங்க வந்து இன்னா பண்ணப் போறா?"

துர்காவுக்கும் அதே கேள்விதான். ஆனால் பழைய பாவு நூல் தீர்ந்து, புதுப் பாவு பிணைக்க ஆள் வராமல் தறி சும்மா கிடந்த சமயம் அது. "சரி, போங்க. பாவு ஏறுன அப்புறம் மத்தியானத்துக்கு மேல நெய்யலாம்," என்று சிவபாலன் சொல்லிவிட்டான். அவன் சொன்ன பிறகு துர்கா செருப்பைத் தேடினாள்.

முதல் நாள் ஆளுக்கொரு பெரிய தாளும் கலர் பென்சிலும் கொடுத்தார்கள். அம்மாக்கள் ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். "உங்களுக்கு இன்னா புடிக்குமோ அத வரைங்க," என்றாள் சத்யப்ரியா.

துர்கா தாளின் வலது ஓரத்தில் வரைய ஆரம்பித்தாள். சேலைக் கரை போல மேலிருந்து கீழ் வரை ஒரு வரி ருத்திராட்சம், அதை ஒட்டிக் கோபுரம் கோபுரமாக இன்னொரு வரி. அளவெடுத்தது போல ஒரு கோபுரம்கூடப் பிசகவில்லை. முடித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டாள். அரை மணி நேரம் அப்படியே இருந்தாள்.

சத்யப்ரியா வந்து குனிந்து பார்த்தாள். "சூப்பரா இருக்குதுக்கா. நடுவுல?"

"நடுவுல அவங்க போடுவாங்க."

"யாரு?"

துர்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். யார் வந்து போடுவார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. சிவபாலன் வீட்டில் அல்லவா இருந்தான்!

பக்கத்துப் பாயில் இருந்த நிக்கத் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஜரிகை வியாபாரி வீட்டு மருமகள், வாய் ஓயாதவள். "அரே, வீட்டுக்காரரு வந்து போடணும்னு உக்காந்துக்கினு இருக்குது பாரு! போன் போட்டுக் கூப்புடும்மா, வரட்டும், நான் பிரியாணி செஞ்சி எடுத்தாறேன்!"

நிக்கத் தன் தாளில் ஒரு பெரிய ஒட்டகம் வரைந்திருந்தாள். அவள் மகன் அயாஸ் அதை வந்து பார்த்து, "இன்னாம்மா, நாய்க்கு முதுகுல கட்டி வந்திருக்குது?" என்றதும் கூடம் முழுக்கச் சிரிப்பு. துர்காவும் சிரித்தாள். சங்கரி மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் தாளை இழுத்து, வெறுமையாகக் கிடந்த நடுவில் ஒரு சைக்கிளை வரைந்து வைத்தாள்.

நாலாம் நாள் கண்கட்டு விளையாட்டு. முதலில் அம்மாக்களுக்குக் கண்ணைக் கட்டி, பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூடத்தைச் சுற்றி வர வேண்டும். வழியில் நாற்காலி, வாளி, கோணிமூட்டை எல்லாம் போட்டிருந்தார்கள். மற்ற அம்மாக்கள் தடுமாறினார்கள். நிக்கத் வாளிக்குள் காலை விட்டுவிட்டு அதையும் இழுத்துக்கொண்டு நடந்தாள். துர்கா ஒரு இடறல் இல்லாமல் போய் வந்தாள். மகளின் சட்டை ஓரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டு, அது அசைந்தால் அசைந்து, நின்றால் நின்று. எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்கு வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது.

அடுத்தது பிள்ளைகளுக்குக் கண் கட்ட வேண்டிய முறை. துர்கா துணியை எடுத்தாள். சங்கரி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"நான் மாட்டேன்."

"ஏன் செல்லம்?" என்றாள் சத்யப்ரியா.

"அம்மா வேணாம். நிக்கத் ஆன்ட்டி கூட்டினு போவட்டும்."

"ஏன், அம்மா இருக்காங்களே?"

"அம்மா நின்னுடுவாங்க."

நிக்கத் எதுவோ வேடிக்கையாகச் சொல்ல வந்து, துர்காவின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு, சங்கரியின் கையைப் பிடித்தாள்.

எதைச் சொல்கிறாள் என்று துர்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. போன வருஷம் வைகாசி கருட சேவை. விடியற்காலையிலேயே சின்ன காஞ்சிபுரம் முழுக்கத் தலையாக இருந்தது. சிவபாலன் வண்டியை நிறுத்திவிட்டு வரப் போனான். போகும்போது, "இங்கியே நில்லு, அசையாத, வந்துடறேன்," என்றான். சங்கரி பலூனைப் பார்த்துக் கையை உதறிக்கொண்டு ஓட, கூட்டம் ஒரு தள்ளுத் தள்ளியது. திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணோம். துர்கா நின்றாள். அவர் நிற்கச் சொன்னார், பிள்ளை தேடிக்கொண்டு வந்தாலும் இங்கேதான் வரும் என்று நின்றாள். அரை மணி நேரம் நின்றாள். சிவபாலன் வந்து, அலைந்து, தண்ணீர்ப் பந்தல் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் தோளில் இருந்த பிள்ளையைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தான். "நல்லவேளை நீ அங்கியே நின்ன. நீயும் போயிருந்தா ரெண்டு பேரையும் தேடணும்," என்றான். மாமியாரும் அதையே சொன்னாள். கூரத்திலிருந்து வந்த நாத்தனாரும் அதையே சொன்னாள். ஒரு வருஷமாகத் தான் சரியாகத்தான் செய்தோம் என்றே துர்கா இருந்தாள்.

அதற்குப் பிறகு சங்கரி தெருவைக் கடக்கும்போது அவள் கையைப் பிடிப்பதில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டது என்று துர்கா நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு வீட்டில் சோறு போடும்போது சிவபாலனைக் கேட்டாள். "இன்னாங்க, அன்னிக்குக் கருட சேவையில நான் நின்னது சரிதானே?"

"பின்ன? நான்தானே நிக்கச் சொன்னேன். இப்ப இன்னா அதுக்கு?"

மறுநாள் காலையில் தலை பின்னும்போது மகளையும் கேட்டாள்.

"ஏன்டி, அன்னிக்கு நான் நின்னது தப்பா?"

"தெரில."

"நீ திரும்பி வந்தா நான் அங்க இருக்கணுமில்ல?"

சங்கரி சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் பாத்தேன்மா. போலீஸ்காரரு தோள்ல தூக்கி வெச்சிருந்தாரு இல்ல, மேல இருந்து நீ தெரிஞ்ச. அம்மா அம்மான்னு கத்துனேன். நீ இந்தப் பக்கம் பாக்கவே இல்ல. அப்பா போன பக்கமே பாத்துக்கினு நின்ன."

துர்காவின் கையில் பின்னல் பாதியில் நின்றது. எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கூட்டம் நினைவிருக்கிறது, கொட்டு மேளம் நினைவிருக்கிறது, கால் கடுத்தது நினைவிருக்கிறது. முகம் எந்தத் திசையில் இருந்தது என்று மட்டும் தெரியவில்லை. புருஷன் சொல்வதும் சரியாகப் பட்டது. மகள் சொல்வதும் சரியாகப் பட்டது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் என்பதுதான் பிடிபடவில்லை.

அன்றைக்கு முகாமில், பத்தாம் நாள் கூடத்துக்கு வெளியே நடை என்று சத்யப்ரியா அறிவித்தாள். பிள்ளைக்குக் கண்ணைக் கட்டி, அம்மா தெருவில் கூட்டிக்கொண்டு போய், பிள்ளையார் கோயிலைச் சுற்றித் திரும்ப வர வேண்டும். அன்றையிலிருந்து துர்காவின் மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்த நடையின்போது சங்கரி தன்னிடம் கையைக் கொடுக்க வேண்டும். நிக்கத்திடம் போய்விடக் கூடாது.

அதற்கு என்ன செய்வது? நிற்காமல் இருக்க வேண்டும் என்று தோன்றியது. எல்லாவற்றிலும் முந்திக்கொள்ள ஆரம்பித்தாள். சத்யப்ரியா பாட்டை எடுப்பதற்கு முன்னால் இவள் எடுத்தாள். இரண்டாம் அடி தெரியாமல் விழித்தாள். கதை சொல்ல யார் வருகிறீர்கள் என்றதும் முதல் ஆளாக எழுந்து, ராஜாவைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு, அப்புறம் அவனை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். பந்து விளையாட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன்பே எறிந்தாள். பந்து அயாஸின் மூக்கில் போய் விழுந்தது.

"மொத நாளு பொம்ம மாரி உக்காந்துக்கினு இருந்தது, இன்னிக்கு எம் புள்ள மூக்க ஒடைக்குது!" என்றாள் நிக்கத். "ஒனக்கு நடுவுல ஒண்ணுமே கெடையாதா துர்கா?"

வீட்டிலும் அதே கதி. பாவு ஏறி, மத்தியானம் தறியில் உட்கார்ந்தால், சிவபாலன் மிதிப்பதற்கு முன்னால் கை தானாக நாடாவைத் தள்ளியது. இழை சிக்கியது. "ஒனக்கு இன்னாதான் ஆச்சு? இருவத்தெட்டு வருசமா நெய்யறவ இப்படியா தள்ளுவ?" என்று அவன் சிக்கெடுத்துக்கொண்டே கத்தினான். அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் ஆகிவிட்டோமே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள், எல்லோரும் போன பிறகு சத்யப்ரியாவிடம் போய் நின்றாள். "நான் இன்னா பண்ணணும்னு சொல்லும்மா. நீ சொன்ன மாரியே பண்றேன்."

சத்யப்ரியா சிரிக்கப் போய், அப்புறம் சிரிக்காமல் தலையைச் சொறிந்துகொண்டாள். "அத நான் சொல்லலாமான்னே தெரிலக்கா. எனக்கே தெரில."

துர்கா அங்கிருந்து தனியாகவே பிள்ளையார் கோயில் வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நேராகப் போய், தண்ணீர்த் தொட்டி கிட்ட இடது பக்கம் திரும்பினால் கோயில். பத்து நிமிஷம். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டாள்.

பத்தாம் நாள் நிக்கத் வரவில்லை. ஆற்காட்டிலிருந்து விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று போன் வந்தது. சங்கரி பதினொன்றரை மணி வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜோடி ஜோடியாக எல்லோரும் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் இவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். துர்கா துணியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோயில் வரைக்கும்தானே?" என்றாள் சங்கரி.

"ஆமா."

"நீ நின்னா நான் அவுத்துடுவேன். சொல்லிட்டேன்."

"சரி."

கண்ணைத் தானே கட்டிக்கொண்டு, கையை நீட்டினாள். முழுக் கை இல்லை, இரண்டு விரல்.

தண்ணீர்த் தொட்டி வரைக்கும் துர்கா நன்றாகத்தான் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே பார்த்தால், இடது பக்கத் தெருவை அடைத்துக்கொண்டு ஒரு லாரி ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் போனவர்களுக்குத் திறந்திருந்த தெரு. "போவ முடியாதும்மா, சுத்திக்கினு போ," என்று ஒரு ஆள் கத்தினான். "எந்தப் பக்கமா?" என்று துர்கா கேட்பதற்குள் அவன் லாரிக்குப் பின்னால் போய்விட்டான்.

துர்கா நின்றாள். யாராவது சொல்வார்கள் என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். கைக்குள் இருந்த இரண்டு விரலில் ஒன்று மெல்ல உருவிக்கொண்டது. அடுத்த விரல் போவதற்குள் வலது பக்கம் நடக்க ஆரம்பித்தாள். ஏன் வலது பக்கம் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

அந்தச் சந்து இன்னொரு சந்தில் விட்டது. புது மனைகள், பாதி கட்டிய வீடுகள். அவள் பார்த்தே இராத இடம்.

"இன்னா நாத்தம்?" என்றாள் சங்கரி, கண்கட்டோடு.

"சாயம் காச்சறாங்க. நூலு காயப் போட்டிருக்குது."

"இன்னா கலரு?"

"மாம்பழ மஞ்சளு. பக்கத்துல அரக்கு. ரெண்டும் ஒண்ணா நல்லாவே இருக்காது."

"ஏன்?"

"எனக்குப் புடிக்கல."

சொல்லிவிட்டுத் துர்கா திகைத்துப் போனாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ சேலைக்குக் கரை தள்ளியிருக்கிறாள். இந்த உடலுக்கு இந்தக் கரை உனக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. எங்கே இருந்தது இந்தப் பதில்? யோசிப்பதற்குள் சங்கரி மாட்டுச் சாணியில் காலை வைத்துவிட்டாள்.

ஒரு இஸ்திரி வண்டிக்காரரிடம் வழி கேட்டாள். "புள்ளையார் கோயிலா? இங்க நாலு கோயில் இருக்குது. எந்தப் புள்ளையாரு?" என்றார் அவர். எந்தப் பிள்ளையார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் கையைக் காட்டிய பக்கம் போனார்கள். கோயில் வந்தது, வேறு கோயில். வந்ததற்கு அதையும் ஒரு சுற்றுச் சுற்றினார்கள். வெயில் ஏறிவிட்டது. போனையும் பையோடு கிடங்கிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"அம்மா, ரொம்ப நேரமா போறோம் இல்ல?"

துர்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "எனக்கு வழி தெரிலடி."

சங்கரி நின்றுவிட்டாள். ஒரு கை கண்கட்டுக்குப் போனது. "வழி தெரியாமயா கூட்டினு வந்த?"

"தொட்டி வரைக்கும் தெரிஞ்சுது. அங்க லாரி நின்னுக்கினு இருந்தது."

"அப்ப நின்னிருக்கலாமே."

"நின்னா நீ கைய எடுத்துடுவியே."

கண்கட்டின் மேல் இருந்த கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கீழே இறங்கியது. அவிழ்க்கவில்லை. "தாகமா இருக்குது. சீக்கிரம் போ," என்றாள். இன்னொரு கை துர்காவின் மணிக்கட்டை முழுசாகச் சுற்றிப் பிடித்திருந்தது.

ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து, மூன்று பேரிடம் கேட்டு, கிடங்குக்கு வந்து சேரும்போது மணி ஒன்று பத்து. வாசலில் சத்யப்ரியா ஸ்கூட்டரோடு நின்றிருந்தாள், இரண்டு தடவை தேடிவிட்டு வந்தவள். அவள் போன் போட்டதில் சிவபாலனும் வண்டியில் வந்திருந்தான். முகமெல்லாம் வியர்வை.

"அறிவு இருக்குதா ஒனக்கு? எங்கனா ஒரு எடத்துல நின்னிருந்தா பத்து நிமிசத்துல கண்டுபுடிச்சிருப்பேனே! எதுக்கு நடந்துக்கினே இருந்த?"

அவன் சொல்வது நியாயம்தான் என்று துர்காவுக்குப் பட்டது. அன்றைக்கு நின்றதும் நியாயம், இன்றைக்கு நிற்காததும் ஒரு நியாயம். எதை எங்கே வைப்பது என்று தெரியாமல், "தெரிலைங்க," என்றாள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போயிருந்தார்கள். அடிப் பாத்திரத்தில் இருந்த லெமன் சாதத்தைச் சத்யப்ரியா இரண்டு தட்டில் போட்டுக் கொடுத்தாள். ஆறிப் போயிருந்தது. கண்கட்டை அவிழ்த்த சங்கரியின் முகத்தில் துணி அழுந்திய தடம் இரண்டு பக்கமும் இருந்தது.

"நீ ரொம்ப மோசமா வழி காட்டுறம்மா."

"ஆமாண்டி."

"சாணிய வேற மிதிக்க உட்டுட்ட."

"பாத்தேன். சொல்றதுக்குள்ள நீ மிதிச்சிட்ட."

சங்கரி வாயில் சோறோடு சிரித்தாள். புரையேறியது. துர்கா தலையில் தட்டினாள். சிவபாலன் வண்டியை உதைத்து, "சீக்கிரம் வாங்க, தறி கெடக்குது," என்று வெளியிலிருந்து குரல் கொடுத்தான்.

"நாளைக்குக் கேம்ப்பு கெடையாது இல்ல?" என்றாள் சங்கரி. "எங்க போலாம்?"

துர்கா வாசலில் நின்ற சிவபாலனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். கேள்வி தன்னிடம்தான் கேட்கப்பட்டது என்று விளங்க அவளுக்கு இரண்டு வாய்ச் சோறு உள்ளே போக வேண்டியிருந்தது.

"இரு, யோசிக்கறேன்," என்றாள்.